எனக்கும் தைராய்டு வேண்டும்

போன ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். எனக்கும் தைராய்டு வந்தாக வேண்டும்.

ஆசைப்படுகிறவர்கள் கார் கேட்பார்கள், காலி மனை கேட்பார்கள். நான் கேட்டது கழுத்து வியாதி. காரணம் பொறாமை. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எப்படியும் பின்னால் தெரிந்துவிடும்.

என் பேர் அப்பாவு. திருப்பதிக்குப் பக்கத்துத் தெலுங்கு ஊரான புத்தூரில், ஸ்டேஷன் ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்து மாந்தோப்புக்காரர்கள் போர் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கருகின காயிலைப் பிரித்துப்போட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கிறதா, கெபாசிட்டர் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ரெண்டு தெரு தள்ளி ஓடினாலும் சொல்லுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

என் மனைவி தாட்சாயணி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரே பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். ரெண்டு பேரில் சுறுசுறுப்பு நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதற்குத் தோதாக அவளும் ரெண்டு வருஷமாக மெதுவாகிக்கொண்டே வந்தாள்.

புத்தூரில் சித்திரை மாதத்தில் குழாயைத் திறந்தால் வென்னீர் வரும். அந்த வெயிலில் அவள் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். நான் ஃபேனைப் போடுவேன். அவள் நிறுத்துவாள்.

“குளுருதுங்க.”

“சித்திரையில இன்னா குளுரு?”

“தெரியல. கை காலெல்லாம் ஜில்லுனு கீது.”

“மத்தியானம் துன்னுட்டுத் துன்னுட்டுத் தூங்கினா அப்டித்தான்.”

உப்புமா கிண்ட ஒரு மணி நேரம் ஆனது. சீப்பில் பாதி முடி இருந்தது. முகம் உப்பியது. கேஸ் அடுப்பில் எதை வைத்தோம் என்பது மறந்தது. குரல் கனத்துப்போய், வீட்டுக்குப் போன் செய்த மாந்தோப்புக்காரர்கள் அவளிடம் “சார், மோட்டார் ரெடியா?” என்று கேட்டார்கள். அவளும் பேசக் களைப்பாக இருந்ததால் திருத்தவில்லை. “ரெடி,” என்று வைத்துவிடுவாள்.

இவ்வளவுக்கும் நான் வைத்த பேர் சோம்பேறித்தனம். வாய்க்கு வாய் சொன்னேன். சொந்தக்காரர்கள் முன்னாலும் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரன் பேர் சிரஞ்சீவி. மருந்து விற்கிறவனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. நாற்பது வயசு. கல்யாணமாகாதவன். தலை நிறைய முடி. அவன் தாட்சாயணியின் பேச்சைக் கேட்டான். முகத்தைப் பார்த்தான். அப்புறம் கழுத்தைப் பார்த்தான்.

“அக்கா, கொரல் எப்போலேருந்து இப்டி? கழுத்து முன்னாடி லேசா வீங்கி கீது. ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க,” என்றான்.

பரிசோதனையில் தைராய்டு என்று வந்தது. திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். “நீ போயிட்டு வா, எனக்கு ரெண்டு மோட்டார் நிக்குது,” என்றேன். தனியாகப் போய் வந்தாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காப்பி, டீ எதுவும் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்.

ரெண்டு மாதத்தில் தாட்சாயணி திரும்பி வந்தாள். அவள் எங்கேயும் போகவில்லை, ஆனால் திரும்பி வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். போர்வை பெட்டிக்குள் போயிற்று. முகம் வடிந்து, பழைய கன்னம் தெரிந்தது. குரல் மெலிந்தது. விடிகாலை ஐந்தரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினாள். நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஒரு வாரம் பட்டேன். அதற்குமேல் முடியவில்லை. ஏனென்றால் அவள் வாயைத் திறந்தால் சிரஞ்சீவி வந்தான், அதுவும் ‘காரு’ என்ற தெலுங்கு மரியாதையோடு.

“சிரஞ்சீவி காரு சொன்னாரு, கால்சியம் மாத்திரையை இதோட சேத்துப் போடக்கூடாதாம். நாலு மணி நேரம் தள்ளிப் போடணுமாம்.”

“ஓ.”

“சிரஞ்சீவி காரு சொன்னாரு, மாத்திரையை வெயில்ல வைக்கக்கூடாதாம்.”

“நான் சொல்றது எதாவது ஞாபகம் கீதா உனக்கு?”

“கீதே. சோம்பேறின்னு சொன்னீங்க.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

மாத்திரை வாங்கி வருகிற காகித உறையில் அவன் கையால் தெலுங்கில் ‘தாட்சாயணி காரு’ என்று எழுதியிருக்கும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவள் பேரை எழுதியது ஒரே தடவை. ரேஷன் கார்டு விண்ணப்பத்தில். அதிலும் ‘ட்’ விட்டுப்போச்சு.

எனக்குள் ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் கழுத்தில் தாலி கட்டினவன் நான். அந்தக் கழுத்தின் வீக்கத்தைப் பார்த்தவன் வேறொருத்தன். அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதை நம்ப முடியுமா? எங்கள் பால்காரர் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறார். அவருக்கு எழுபது வயசு.

ஒருநாள் நேரில் கேட்டுவிடுவது என்று அவன் கடைக்குப் போனேன்.

“ரண்டி அண்ணா, வாங்க, உக்காருங்க,” என்று ஸ்டூல் எடுத்துப் போட்டான். மரியாதைக்காரன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“எங்க வீட்டம்மாவுக்கு இன்னா கொறைச்சல்னு தெரிஞ்சுக்க வந்தேன்,” என்றேன்.

“டீ ஃபோர் ரொம்பக் கம்மியா இருந்துச்சு அண்ணா. டீ த்ரீயும் கம்மி.”

“அவ ரெண்டு டீதான் குடிப்பா. நாலு டீ குடிக்கிறது நானு.”

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

“அது குடிக்கிற டீ இல்ல அண்ணா. ஹார்மோன் பேரு.” ஒரு உறையை எடுத்து, அதன் பின்பக்கம் பட்டாம்பூச்சி ஒன்றை வரைந்தான். “தைராய்டு இப்டித்தான் இருக்கும். கொரல்வளைக்குக் கீழ ஒட்டிக்கினு கீது. நாம துன்ற உப்புல அயோடின் வருதில்ல, அதை எடுத்து டீ ஃபோர் பண்ணும். அது ரத்தத்துல ஒடம்பு பூரா போவுது. போன எடத்துல டீ த்ரீயா மாறி வேலை செய்யுது. இதயம் எவ்ளோ வேகமா அடிக்கணும், துன்னது எவ்ளோ நேரத்துல செரிக்கணும், ஒடம்பு எவ்ளோ சூடா இருக்கணும், எல்லாத்துக்கும் வேகம் வைக்கிறது அதான். முடி, தோலு, ஞாபகம், கொரலு எல்லாம் அதுல அடக்கம். அது கொறைஞ்சா மொத்தமும் மெதுவாப் போவும்.”

“ரிப்போர்ட்டுல முப்பத்தெட்டுன்னு போட்டிருந்தானே. நாலுக்குள்ள இருக்கணுமாம். அப்போ ஜாஸ்திதானே?”

“அது டீஎஸ்ஹெச், வேற. மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரின்னு ஒண்ணு கீது. தைராய்டு ஒழுங்கா வேலை செய்யலன்னா, செய்யி செய்யின்னு அது கொரல் குடுக்கும். அந்தக் கொரல்தான் டீஎஸ்ஹெச். வேலை கொறையக் கொறையக் கொரல் ஏறிக்கினே போவும்.”

எங்கள் வீட்டில் பல வருஷமாக நடப்பதுதான் என்பதால் சட்டென்று புரிந்தது.

“அக்கா வேணும்னு தூங்கல அண்ணா,” என்றான் கடைசியாக.

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. லோ வோல்டேஜில் முக்கி முனகி ஓடுகிற மோட்டாரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கரண்ட்டைத்தான் திட்டுவேன். அவளை மட்டும் ரெண்டு வருஷம் திட்டியிருக்கிறேன். அவள் சத்தம் மாறினதை வாடிக்கைக்காரன் கவனித்தான். மருந்துக்கடைக்காரன் கவனித்தான். நான் கவனிக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிற ஆம்பிளை என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்கலாம். நான் அதைவிடக் கஷ்டமான வழியைத் தேடினேன்.

யோசனை இப்படிப் போயிற்று. எனக்கும் தைராய்டு என்றால், ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை என்றால், கடைக்குப் போய் வாங்கி வருவது நானாக இருக்கும். அவள் அந்தப் படியை மிதிக்க வேண்டிய அவசியமே இருக்காது. அதோடு அவள் வேகம் எனக்கும் வந்துவிடும். நடைப்பயிற்சிக்குக் கூடவே போகலாம்.

வியாதி வர நாளாகும். மாத்திரை இன்றைக்கே கிடைக்கும். குளிர்பெட்டிக்கு மேலே, பூப்போட்ட டப்பாவுக்குப் பக்கத்தில், நூறு மாத்திரை பாட்டிலில் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஐந்தரைக்குத் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் வாசலைத் தாண்டினாள். ஐந்தே முக்காலுக்கு நான் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். விதிப்படி ஒரு மணி நேரம் டீ குடிக்கவில்லை. அது மட்டும் உயிர் போகிற மாதிரி இருந்தது.

முதல் நாள் மாத்திரையில் ருசியே இல்லை. ரெண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் இனித்தது. நாக்கில் வைத்ததும் கரைந்து தொண்டை வரைக்கும் இனித்தது. நம் உடம்பு மருந்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று முடிவு செய்தேன். இவ்வளவு ருசியான பொருளை எனக்கு ஒன்று கொடுக்காமல் தினமும் தனியாகத் தின்றிருக்கிறாள் என்று ஒரு வருத்தமும் சேர்ந்துகொண்டது.

அந்த வாரத்திலிருந்து வேகம் ஏறியது. உண்மையாகவே ஏறியது. நெஞ்சு திக்குத்திக்கென்று அடித்தது. வேர்த்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. தெம்பு எங்கே போவது என்று தெரியாமல் கை காலில் நின்றது.

அதை எதற்கு உபயோகிப்பது? அவள் எங்கே போகிறாள் என்று பார்க்க உபயோகித்தேன். விடிகாலையில் ஐம்பதடி பின்னால் நடந்தேன். போகும்போது நேராகப் போனாள். திரும்பும்போது சிரஞ்சீவி கடை முன்னால் நின்றாள். அவன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் கரும்புச்சாறு வண்டி தார்ப்பாய் மூடி நின்றது. அதற்குப் பின்னால் நான் நின்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். அவன் ஏதோ சொன்னான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பத்து நிமிஷம். கடிகாரத்தில் பார்த்தேன். என்னிடம் அவள் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் சிரித்தது எந்த வருஷம் என்று யோசித்தேன். வருஷம் கிடைக்கவில்லை.

குறுக்குச் சந்து வழியாக அவளுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினேன். நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. எதையாவது உடைக்க வேண்டும். உடைக்கப் பயமாக இருந்ததால் பரண் மேல் ஏறி, ஒன்பது வருஷத்துச் சாமானை இறக்கி, துடைத்து, அடுக்கி வைத்தேன்.

“இன்னாங்க, பரண் பளபளன்னு கீது?”

“சும்மாதான். ஒடம்புல தெம்பா கீது.”

“அப்டியா.” அவள் ஒரு நிமிஷம் பரணைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “சிரஞ்சீவி காரு வீட்ல தண்ணித் தொட்டியக்கூட அவரே எறங்கித் தேய்ச்சிக் கழுவுவாராம்.”

மறுநாள் காலை தொட்டிக்குள் நான் இருந்தேன்.

அதற்கடுத்த நாள் அவள் கடையில் பத்து நிமிஷம் நின்றாள். நான் கிரைண்டரைப் பிரித்துப் பெல்ட் மாற்றினேன். நாலு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த சமையலறை அலமாரிக்குத் திருகாணி போட்டேன். இன்னொரு நாள் துவைக்கிற கல்லைச் சுற்றிச் சிமெண்ட் பூசினேன். இருபது வருஷமாக அவள் கேட்டு, நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளின வேலைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒவ்வொன்றும் பொறாமையில் நடந்ததால் சுத்தமாகவே நடந்தது. இடுப்பில் பேண்ட் நிற்காமல் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால் நானே கொஞ்சம் நன்றாக இருந்தேன்.

“அந்த மாத்திரை நல்லா வேலை செய்யுதுதானே உனக்கு?” என்று ஒருநாள் நைஸாகக் கேட்டேன்.

“சூப்பரா வேலை செய்யுது,” என்றாள். துடைத்து முடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆறாவது வாரம் பயம் வந்தது. கடையில் மோட்டார் காடிப் பள்ளத்துக்குள் கம்பியை நுழைக்கிறேன், கை நடுங்குகிறது. எனக்குக் கை நடுங்கினால் தொழில் போச்சு. நெஞ்சும் நினைத்த நேரத்தில் படபடக்கிறது. வேறு வழியில்லை. எதிரியிடமே போனேன்.

“என் சிநேகிதன் ஒருத்தன்,” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லுங்க அண்ணா.”

“தைராய்டு இல்லாமயே தைராய்டு மாத்திரை துன்னுக்கினு கீறான். எதாவது ஆவுமா?”

சிரஞ்சீவி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான். “அது ரொம்பத் தப்பு அண்ணா. தேவையில்லாம உள்ள போனா ஒடம்பு மொத்தமும் ஓவர் ஸ்பீடுல ஓடும். நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். வேர்க்கும், எளைக்கும், தூக்கம் வராது. வயசானவங்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறா ஆயிடும். எலும்புகூடத் தேயும். டாக்டர் சொல்லாம யாரும் தொடக்கூடாது.”

எல்லாம் எனக்கு இருந்தது. எலும்பு ஒன்றுதான் தெரியவில்லை. எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊரில் எலும்பு தேய்ந்து சாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

“அந்தச் சிநேகிதருக்கு மாத்திரை நாக்குல எப்டி இருந்துச்சாம்?” என்று கேட்டான்.

“இனிப்பா இருந்துச்சாம்.”

“இனிப்பா,” என்று சொல்லிவிட்டு, அவன் பின்னால் திரும்பி அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தான். ரொம்ப நேரம் தேடினான். தோள் குலுங்கியது. முன்பின் தெரியாத என் சிநேகிதனுக்காக இப்படிக் கலங்குகிறானே, இவனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் மறுபடி தப்பாக நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் தாட்சாயணியிடம் சொன்னேன். “எனக்கும் தைராய்டு போலக் கீது.”

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “நாளைக்கு எனக்குத் திருப்பதியில செக்கப். வாங்க, ரெண்டு பேரும் காட்டிக்கலாம்.”

புரட்டாசி மாதம். ரயிலில் நிற்க இடமில்லை. மொட்டை போடப் போகிறவர்களும், போட்டுக்கொண்டு வருகிறவர்களுமாக நெரிசல். அத்தனை பேரும் கோவிந்தா போட்டார்கள். எனக்குத் தனிப்பட்ட காரணம் இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே போட்டேன்.

காலையில் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் ரிப்போர்ட்டோடு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஸ்வர்ணலதா ஐம்பது வயசிருப்பார். வேலூரில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். முதலில் தாட்சாயணியின் ரிப்போர்ட்டைப் பார்த்தார். “மூணுக்கு வந்துடுச்சு. ரொம்ப நல்லா மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க,” என்றார். எனக்கு ஒரு கவலை விட்டது. என்னால் அவளுக்கு மருந்து குறைந்துபோகவில்லை.

அப்புறம் என் கழுத்தைத் தொட்டு எச்சிலை விழுங்கச் சொன்னார். விழுங்கினேன்.

“உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே. டீஎஸ்ஹெச் ரெண்டு புள்ளி ஒண்ணு. சுத்தமா நார்மல்.”

“தாட்சு, நீ கொஞ்சம் வெளிய இரு,” என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தியதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாட்டில், ஐந்தே முக்கால், நாற்பத்திரண்டு நாள், தினம் ஒன்று.

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீங்க சாப்பிடல.”

“சாப்பிட்டேன் டாக்டர்.”

“உங்க தைராய்டு நல்லா வேலை செய்யுது. அதுக்கு மேல தினம் நூறு மைக்ரோகிராம் ஆறு வாரம் உள்ள போயிருந்தா, பிட்யூட்டரி சும்மா இருக்காது. ரத்தத்துல இவ்வளவு கிடக்குதே, இனி எதுக்குச் சுரக்கச் சொல்லணும்னு டீஎஸ்ஹெச்சைக் கொறைச்சிருக்கும். இங்க கொறையவே இல்ல.”

“சாமி சத்தியமா துன்னேன் டாக்டர்.”

“ரத்தத்துல இல்லையே.”

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக முன்வந்து ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

டாக்டர் மணியடித்துத் தாட்சாயணியை உள்ளே கூப்பிட்டார். “உங்க மாத்திரையைத் தினம் இவர் எடுத்துச் சாப்பிட்டாராம். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் டாக்டர்,” என்றாள். பையைத் திறந்து ரெண்டு பொருளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒன்று மாத்திரை பாட்டில். இன்னொன்று கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பா. “இந்த பாட்டில் என்னுது. என் கைப்பையில வச்சிருந்தேன். இந்த டப்பாவுல இருக்கிறதைத்தான் ஃப்ரிட்ஜு மேல இருக்கிற பழைய பாட்டில்ல கொட்டி வச்சேன். அவர் துன்னது இது.”

டாக்டர் டப்பாவை எடுத்துப் படித்தார். சர்க்கரை வியாதிக்காரர்கள் டீயில் போட்டுக்கொள்கிற இனிப்பு மாத்திரை.

“எப்போலேருந்து?” என்றேன்.

“மூணாவது நாளுலேருந்து. ரெண்டு மாத்திரை கொறைஞ்சுது. நான் எண்ணிதான் வச்சிருந்தேன். ஒடம்புக்கு எதாவது ஆயிடப்போவுதேன்னு சிரஞ்சீவி காருகிட்டக் கேட்டேன். ரெண்டு மாத்திரைல ஒண்ணும் ஆவாது, இனிமே துன்னாம பாத்துக்கங்கன்னு சொல்லி இந்த டப்பாவைக் குடுத்தாரு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்போ எனக்கு நெஞ்சு படபடத்தது? கை நடுங்கினது?” என்று கேட்டேன்.

“கவலை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். அதுக்கு வேற ஹார்மோன் இருக்கு. தூக்கம் இல்லன்னா கை நடுங்கும். வேலை செஞ்சா எடை கொறையும். உங்களுக்கு மனசுல ஏதாவது கஷ்டமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“இருக்குது டாக்டர்,” என்றாள் தாட்சாயணி. “புத்தூர்ல மருந்துக்கடை வச்சிருக்குது.”

திரும்புகிற ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு கிடைத்தது. ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“சோம்பேறின்னு சொன்னது தப்புதான். நாலு பேரு முன்னாடி சொன்னது அதைவிடத் தப்பு.”

ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

“எனக்கே அப்டித்தான் தோணிச்சு,” என்றாள். “நீங்க சொல்லச் சொல்ல, நெஜமாவே நான் சோம்பேறி ஆயிட்டேன்னுதான் நெனச்சேன். காலைல எழுந்திரிக்க முடியாம கண்ணுல தண்ணி வரும். மொத தடவை இந்த டாக்டர்கிட்டத் தனியா வந்தேன் பாருங்க, அன்னைக்கு அவங்க சொன்னாங்க, இது வியாதிம்மா, உன் தப்பு இல்லன்னு. திரும்பிப் போவும்போது இதே பிளாட்பாரத்துல உக்காந்து அழுதேன்.”

நான் டீயைக் குடிக்கவில்லை. அது ஆறிப்போயிற்று.

“இனிமே செக்கப்புக்கு நானும் வரேன்,” என்றேன்.

“வாங்க.”

மனசு லேசானதும் என் புத்தி பழைய இடத்துக்குப் போயிற்று.

“ஒண்ணு கேக்கட்டா? மாத்திரைல ஒண்ணும் இல்லன்னா, அவ்ளோ வேலையும் நான் எப்டி செஞ்சேன்?”

“கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னாடி உங்க செருப்பு தெரியும்,” என்றாள். “நான் அந்தக் கடைகிட்டப் பத்து நிமிஷம் நின்னா, நீங்க வீட்ல எதோ ஒண்ணை முடிச்சிடறீங்க. மொத நாளு பரணைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிபோச்சு.”

“அப்போ தெனமும் அவன்கிட்ட இன்னாதான் பேசினே?”

“மொத ஒரு வாரம் உங்க கதையைச் சொல்லிச் சிரிச்சோம். அப்புறம் பேச்சு தீந்துபோச்சு. அவரு பாட்டுக்கு ஷட்டரைத் தூக்கிப் பெருக்குவாரு, நான் பாட்டுக்கு மணி பாத்துக்கினு நிப்பேன்.”

ரயில் வருகிற அறிவிப்பு தெலுங்கில் கேட்டது. அவள் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள். நானும் எழுந்தேன்.

“இனிமே அங்க நிக்கமாட்டேதானே?” என்றேன்.

“தீபாவளி வருதுங்க, வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்,” என்றாள். “நாளைலேருந்து அரை மணி நேரம் நிக்கலாம்னு கீறேன்.”